உப்புக்கு ஒரே கை

அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் தின்பதற்குப் பஞ்சமே கிடையாது. அவித்த மரவள்ளிக்கிழங்கு, வறுத்த கடலை, மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிப் பிஞ்சு, கவுஸ் பாயின் வெங்காயச் சமோசா என்று சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அந்த ரோடே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஆனால் முந்திரி வடை என்றால் புளியமரத்தடியில் ராசாங்கத்தின் தள்ளுவண்டிதான். ஒரு தடவை ஒரு வாத்தியார், பாசஞ்சர் நிற்கிற இடைவெளியில் இறங்கி ஓடிவந்து நாலு வடை வாங்கினார். அதில் ஒன்றை அங்கேயே தின்றார், பிறகு இன்னொன்றையும் தின்றார். ரயில் போய்விட்டது. அவர் பதறியதாகத் தெரியவில்லை, மூன்றாவதை எடுத்தார்.

வடையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக ஆட்டி, சோம்பும் பூண்டும் வரமிளகாயும் சேர்த்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, மேலே இரண்டு கை முந்திரிக் குருணை. அவன் பெண்டாட்டி மலர்க்கொடியின் பிறந்த ஊரான வரதராஜன்பேட்டையிலிருந்து அது வரும். முழு முந்திரியெல்லாம் மூட்டை கட்டி வெளியூர் போய்விடும், உடைந்தது உள்ளூருக்கு. கல்யாணத்துக்குச் சீராக வந்த ஒரு படி குருணையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ராசாங்கம் முதன்முதலில் வடையில் போட்டான். அப்படித்தான் அந்த வடை பிறந்தது.

வண்டியில் வேலை பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. ஊறவைப்பது, ஆட்டுவது, வெங்காயம் நறுக்குவது, தட்டிப் போடுவது, எடுப்பது எல்லாம் மலர்க்கொடி. உப்பு மட்டும் ராசாங்கம். உப்பு ஒரே ஆள் கைதான் போட வேண்டும், இரண்டு பேர் போட்டால் ஒன்று இருமடங்காகும், இல்லாவிட்டால் இவள் போட்டிருப்பாள் என்று அவனும், அவன் போட்டிருப்பான் என்று இவளும் இருந்துவிட நேரும் என்பது அவன் கட்சி. அதுவும் வீட்டில் போடக் கூடாது. முன்கூட்டியே உப்புப் போட்டால் மாவு தண்ணீர் விட்டுக்கொள்ளும். அதனால் வண்டியில், எண்ணெய் காய்ந்த பிறகு, பீங்கான் ஜாடியிலிருந்து இடித்த கல்லுப்பை அள்ளிப் போட்டுப் பிசைவான். விற்கிற பண்டத்தை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டான். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாவுக் குண்டானுக்கு மேல் குனிந்து கண்ணை மூடி மோந்து பார்ப்பான். போதாவிட்டால் "ஒரு கை" என்பான். போதுமென்றால் "சரி" என்பான். பதினாலு வருடமாக அவன் "சரி" சொன்ன பிறகுதான் மலர்க்கொடி முதல் வடையைத் தட்டுவாள். அந்த ஜாடியின் மூடியைக்கூட அவள் தொட்டதில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம், ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவன், "நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் தண்ணி குடு" என்றான். அவள் சொம்பில் மொண்டுகொண்டு வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தான். கையில் ஒரு பல் பூண்டு பாதி உரித்தபடி இருந்தது. நாற்பத்து மூன்று வயது.

மலர்க்கொடி அழவில்லை. கீழப்பழுவூரிலிருந்து நாத்தனார் ரெங்கம்மாள் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க அழுதபோதும், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. யாரோ அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டதைப் போல இருந்தது. ஊர் இரண்டு விதமாகப் பேசியது. பாவம், திகைப்பு என்றார்கள் சிலர். கல்லு மனசுக்காரி என்றார்கள் சிலர். இரண்டும் அவள் காதில் விழுந்தது, இரண்டுமே யாரையோ சொல்வது போலத்தான் இருந்தது.

நாக்கும் மரத்துப்போனது. பக்கத்து வீட்டு ஆண்டாயி தினமும் கொண்டுவந்து வைக்கும் கஞ்சியைக் குடித்தாள். சூடு தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. அவளாக அடுப்பு மூட்டிச் சமைக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. சாவு வீட்டில் வைப்பதில்லை. அன்றைக்குச் சொந்தக்காரர்களே வந்து வைத்துச் சுட்டுப் படைத்தார்கள். முப்பதாம் நாள் படையலுக்கு மட்டும் மலர்க்கொடி, "அவரு வடையை நான் சுடுறேன்" என்றாள். சுட்டாள். படையலுக்குச் செய்வதை முன்னால் ருசி பார்ப்பதும் இல்லை, மோந்து பார்ப்பதும் இல்லை. இலையில் ஏழு வடை வைத்துக் கும்பிட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இந்த இடத்தில் ரெங்கம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தம்பி பெண்டாட்டி செய்த எதையும் பதினாலு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குழம்பு தண்ணி, சோறு குழைவு, கோலம் கோணல். குழந்தை இல்லாததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடைசி பஸ்ஸுக்குத்தான் நிறுத்துவாள். அப்பேர்ப்பட்ட ரெங்கம்மாள் வடையைப் பிட்டு வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள்.

"நல்லாருக்குடி" என்றாள்.

மலர்க்கொடிக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தலைப் பிடித்து இழுத்துப் பார்க்க அவளிடம் தெம்பு இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் நடராசன் அவளைத் தனியே அழைத்துப் பேசினான். "வண்டியை யாருக்காச்சும் குடுத்துட்டு ஊருக்கு வந்துரு மலரு. தனியா ரோட்டுல நின்னு என்ன பண்ணப் போற? ஆவணி பொறந்து மொத ஞாயித்துக்கெழமை வரேன். துணிமணியைக் கட்டி வை."

"வண்டியைப் போட்டுப் பாக்குறேண்ணே. ஓடலன்னா வரேன்."

நடராசன் நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்பது மலர்க்கொடிக்குத் தெரியும். அண்ணன் பெண்டாட்டி எடுத்துவைக்கிற சோறு, முந்திரிக்கொட்டைக் குவியல் முன்னால் ஒரு பலகை, சாகிற வரைக்கும் அதில் உட்கார்ந்து உடைக்கிற வேலை. இங்கே வண்டி ஓடினால் அவள் ஸ்டேஷன் ரோட்டு மலர்க்கொடி. அதை இழக்கக் கூடாது என்று அறிவுக்குத் தெரிந்தது. மனசு அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மறு வாரமே வண்டியைப் போட்டாள். பழைய வாடிக்கை முழுக்க வந்தது. போஸ்ட்மேன் வைரக்கண்ணு, ஸ்டேஷன் போர்ட்டர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர். எல்லாரும் வாங்கினார்கள். "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டால், "அப்படியே இருக்குக்கா" என்றார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் கை பருப்பை ஆட்டியது, வெங்காயம் நறுக்கியது, தட்டிப் போட்டது, எடுத்தது. பதினாலு வருடப் பழக்கத்தில் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எண்ணெய் தெறித்து வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கொப்புளம் கொப்புளமாகக் கிடந்தது, சிலது உடைந்தும் போயிருந்தது. முன்பெல்லாம் ஒரு துளி பட்டால் கையை உதறுகிறவள். இப்போது எது எப்போது பட்டது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பத்தொன்பது நாள் இப்படிப் போனது.

அன்றைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற வெளியூர்க்காரன் ஒருவன் வந்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வடை வாங்கினான். ஒரு கடி கடித்தான். அடுத்த கணம் திரும்பி, புளியமரத்தடியில் துப்பினான்.

"என்னம்மா இது, உப்பே போடலையா? மாட்டுக்குப் போடுற புண்ணாக்குல கூட ருசி இருக்கும்."

பக்கத்தில் நின்ற வைரக்கண்ணு அவன் கையைப் பிடித்து இழுத்தார். "அட, மெதுவாப் பேசுங்க. அங்க பாய் கடையில தட்டு இருக்கு. போயித் தொட்டுக்கங்க" என்று அவன் காதோடு சொன்னார். ராசாங்கத்தை ஒன்பது வருடமாக அறிந்த மனிதர். மெதுவாகப் பேசத் தெரியாதவர் என்பதுதான் அவரிடம் ஒரே குறை. மலர்க்கொடிக்கு எல்லாம் கேட்டது.

அவள் கவுஸ் பாயின் வண்டியைப் பார்த்தாள். பத்தடி தள்ளி நிற்கிற வண்டி. சமோசாக் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு எனாமல் தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைத்திருந்தது. இரண்டு டீச்சர்கள் அவளிடம் வாங்கிய வடையை அதில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் பார்ப்பது தெரிந்ததும் இரண்டு பேரும் வடையை முந்தானைக்குள் மறைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் புளியங்காயை மறைப்பதும் அதே மாதிரிதான்.

மலர்க்கொடி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

"பாய், இந்தத் தட்டு எதுக்கு?"

கவுஸ் பாய் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். தம்பிகள் எல்லாம் துபாய்க்குப் போய்விட்ட பிறகும், எனக்கு இந்த ரோடே போதும் என்று சமோசா போடுகிறவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், அதனால் மோசமாகச் சொன்னார்.

"வெள்ளரிக்காய்க்கும்மா."

"நீங்க வெள்ளரிக்கா விக்கிறதில்லையே பாய்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். பிறகு துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "தப்பா நெனைக்காத தங்கச்சி. நீ வண்டியைப் போட்ட மொத நாளே உப்பு இல்ல. நாளைக்குச் சரியாயிரும்னு பாத்தோம். ஆகல. யாரு வந்து சொல்றது? அந்தப் புள்ளையே இப்பதான் எந்திரிச்சு நிக்கிது, இதச் சொல்லி மறுபடி உக்கார வச்சிரக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம். நான்தான் தட்டை வச்சேன். அல்லா சாட்சியா, வேற எதுக்கும் இல்லம்மா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்தான்."

கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். ஊரே சேர்ந்து அவளைக் குழந்தையாக்கி வைத்திருந்தது. அன்பால் செய்தார்கள் என்று நினைத்து நெஞ்சு நெகிழ்ந்தாலும் தகும். மலர்க்கொடிக்கு எதுவும் வரவில்லை. "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினாள்.

உப்பு. அந்த வேலை அவள் பங்கில் இல்லை. அதனால் அவள் கை அதைச் செய்யவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வண்டியின் கீழ்த்தட்டில், அவன் துண்டைப் போட்டு மூடியபடி ஜாடி இருந்தது. குனிந்து துண்டை எடுத்தாள். முதன்முறையாக அந்த மூடியைத் திறந்தாள்.

முக்கால் ஜாடி உப்பு, ஈரம் கோத்து இறுகியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் குழி. ராசாங்கம் எப்போதும் ஒரே பக்கம்தான் அள்ளுவான். நாலு விரலும் இறங்கி ஏறிய தடம் கோடு கோடாக அப்படியே இருந்தது. கடைசியாக அள்ளிய திங்கட்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை.

மலர்க்கொடி மூடியைப் போட்டாள். அதன் மேல் துண்டையும் போட்டாள்.

மறுநாளும் உப்பில்லாமல்தான் வடை சுட்டாள். நேற்று வரை தெரியாமல் சுட்டாள், இன்றைக்குத் தெரிந்தே சுட்டாள். கடையில் வேறு உப்பு வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வண்டிக்கு உப்பு அந்த ஜாடியில்தான் இருந்தது, அந்த ஜாடிக்குள் கை போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் வாங்கிக்கொண்டு பாய் வண்டிக்குப் போனார்கள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. இரக்கத்தையும் எத்தனை நாள்தான் மென்றுகொண்டிருக்க முடியும்? ஆவணி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் இரண்டு சேலையையும் ஒரு செம்பையும் துணியில் கட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நடராசன் வந்தான். மூட்டையைப் பார்த்துத் தலையாட்டினான். இன்றைக்கு ஊறவைத்த பருப்பை மட்டும் சுட்டு முடித்துவிடுகிறேன் என்றாள். அவனும் வண்டிக்குக் கூட வந்து மரத்தடியில் நின்றான். அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயை ஊற்றும்போது கீழப்பழுவூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ரெங்கம்மாள் வந்தாள். தம்பி வண்டி நிற்கப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நேத்து வடை இருக்காடி?" என்று கேட்டாள். வந்ததும் வராததுமாக வேறு பேச்சில்லை.

தட்டில் இரண்டு மிச்சம் இருந்தன. எடுத்துக் கொடுத்தாள். ரெங்கம்மாள் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அண்ணி" என்றாள் மலர்க்கொடி. "பதினாலு வருசமா ஒரு நாளு அந்த வார்த்தையை நீங்க சொன்னதில்ல. இப்ப ரெண்டு தடவ சொல்லிட்டீங்க. நானும் செத்துட்டேனா?"

ரெங்கம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். கையில் இருந்த மிச்ச வடையைப் பார்த்தாள்.

"மண்ணைத் திங்கிற மாதிரி இருக்குடி" என்றாள். "முப்பதன்னைக்கும் மண்ணாத்தான் இருந்துச்சு. சாவு வூட்டுச் சோத்தைக் கொற சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டுப் போனேன். பஸ்ஸுல போறப்பவே நெனச்சேன், செத்தவனுக்குக்கூட உப்பில்லாம வச்சிட்டாளே, இவளை யாரு பாத்துக்குவான்னு. என் தம்பி இருந்தா இதை வித்திருப்பானா? தூக்கி வாய்க்கால்ல கொட்டியிருப்பான். வெக்கமா இல்ல ஒனக்கு, ஊரு வாயில இதைக் குடுக்க?"

இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் அவளைத் திட்டினார். நடராசன் முன்னால் வந்து, "என்னங்க அண்ணி, இந்த நேரத்துல போயி" என்றான். ரெங்கம்மாள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. வண்டிக்கு இந்தப் பக்கம் வந்தாள். இடது கையை இடுப்பில் வைத்து, மாவுக் குண்டானுக்கு மேல் குனிந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

மலர்க்கொடி அதைப் பார்த்தாள். இந்தப் பொம்பளைக்கும் அவனுக்கும் ஒரே மூக்கு என்பதை இத்தனை வருடத்தில் அவள் கவனித்ததே இல்லை. குனிகிற விதமும் அதேதான்.

"ரெண்டு கை போடு" என்றாள் ரெங்கம்மாள்.

"நீங்களே போடுங்க அண்ணி."

"நான் எதுக்குடி போடணும்? நான் வேணா நின்னு மோந்து பாக்குறேன். வண்டி ஒன்னுது, கை ஒன்னுது. போடு."

மலர்க்கொடி குனிந்து ஜாடியை எடுத்து மேலே வைத்தாள். மூடியைத் திறந்தாள். அந்தக் குழியும் விரல் தடமும் அப்படியே இருந்தன. கையை நீட்டினாள், நின்றாள். ரெங்கம்மாள் குண்டானைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது.

கையை உள்ளே விட்டாள். அவன் விரல்கள் போன வழியிலேயே நாலு விரலும் இறங்கின. தடம் கலைந்து உப்பு பொலபொலவென்று சரிந்தது. ஈர உப்பு, உடைந்த கொப்புளங்களுக்குள் புகுந்தது. விரலில், புறங்கையில், மணிக்கட்டில், இத்தனை நாளாகப் பட்ட அத்தனை சூடும் ஒரே நேரத்தில் எரிந்தது.

"எரியுது அண்ணி" என்றாள்.

"எரியும்டி."

"ரொம்ப எரியுது அண்ணி." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. உப்பை இறுகப் பிடித்த கையோடு அப்படியே வண்டியின் மேல் கவிழ்ந்து அழுதாள். அடி வயிற்றிலிருந்து வந்த அழுகை. கையில் பாதி உரித்த பூண்டோடு சுவரில் சாய்ந்தவனுக்காக அன்றைக்குத்தான் அழுதாள். ஸ்டேஷன் ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள். போஸ்ட்மேன் வைரக்கண்ணு சைக்கிளை விட்டு இறங்கினார். ரெங்கம்மாள் ஒரு கையால் குண்டானையும் மறு கையால் மலர்க்கொடியின் முதுகையும் பிடித்துக்கொண்டு, "அழு, அழுதுக்கிட்டே போடு, எண்ணெய் தீயுது பாரு" என்றாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மலர்க்கொடி இரண்டு கை உப்பைப் போட்டுப் பிசைந்தாள். எரிச்சலோடு பிசைந்தாள். ரெங்கம்மாள் மறுபடி குனிந்து மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"சரி" என்றாள்.

முதல் ஈடு வெந்து வந்ததும் ஒன்றை எடுத்து நடராசனிடம் கொடுத்தாள் மலர்க்கொடி. அவன் தின்றான். இன்னொன்று கேட்டான். அதையும் தின்றுவிட்டு, "அந்த மூட்டையைப் பிரிச்சு வச்சுட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னான்.

வைரக்கண்ணு இரண்டு வடை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் பாய் வண்டிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் ஒரு கடி கடித்தார். அங்கேயே நின்று மிச்சத்தையும் தின்று முடித்தார். கவுஸ் பாய் அதைப் பார்த்துவிட்டு, எனாமல் தட்டில் இருந்த உப்பை மரத்தடியில் கொட்டி, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.